ஐந்து கூடுகளும் என் கையொப்பமும்

தலைமைக் கதிரையை அணிசெய்யும் மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, கல்விப் பணிமனையின் பளுவான பணிகளுக்கு நடுவிலும் எங்கள் பந்தல் தேடி வந்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தின் பெரியவர்களே, ஆலய அறங்காவலர்களே, அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே, விடியுமுன் எழும்பிப் பிள்ளைக்குச் சோறு கட்டி, சப்பாத்துக்கு வெள்ளை பூசி, இந்த வெயிலிலும் முன்வரிசைக்கு வந்துவிட்ட என் தாய்மார்களே, இன்று கடலுக்குப் போகாமல் கரையில் நின்ற தந்தைமாரே, எல்லோருக்கும் மேலாக, அதோ அந்தப் பாயில் சப்பாணி கட்டி அமர்ந்திருக்கும் தரம் இரண்டின் இருபத்தாறு பெரிய மனிதர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும்.

என்னை உங்களுக்குத் தெரியும். பேணாட். படகு எஞ்சின் திருத்துகிறவன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பெருநாள் மேடைகளில் பேசிப் பேசிப் பெயரெடுத்தவன் என்பதால் இந்தப் பாடசாலை விழாவிலும் ஐந்து நிமிட வாழ்த்துரைக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால், வாழ்த்து வர வேண்டிய தொண்டையில் வேறொன்று வந்து நிற்கிறது. ஆறு கிழமையாக அது அங்கேதான் நிற்கிறது. இன்று அதை இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் துப்பாமல் நான் இறங்கப்போவதில்லை.

இந்தப் பாடசாலையில் ஒரு குற்றம் நடந்தது. குற்றம் செய்தவனின் பெயரைச் சொல்லப்போகிறேன். அதற்கு முதல், நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்பீர்களா?

ஓம் என்கிறீர்கள். நன்றி.

இரண்டாம் தவணை. சுற்றாடல் பாடம். புத்தகத்தில் நான்கு படங்கள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி. நான்கையும் அம்புக்குறி போட்டு வட்டமாக இணைத்திருந்தார்கள். வகுப்பாசிரியை நதீஷா ரீச்சர் வாசித்துக் காட்டினார். பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய பாடம். பிள்ளைகள் நான்கு பெயரையும் நான்கு தரம் எழுதியிருந்தால் பாடத்திட்டம் பூர்த்தி. ஆனால் சிந்துஜன் கையை உயர்த்திவிட்டான்.

"ரீச்சர், புழு செத்த பிறகே பூச்சி வாறது?"

ஏழு வயதுப் பிள்ளையின் கேள்வி, என் தாய்மார்களே. உங்களில் எத்தனை பேருக்கு விடை தெரியும்? எனக்குத் தெரியாது. தெரிந்தவர் நதீஷா ரீச்சர். ஆனால் அவர் விடையைச் சொல்லவில்லை.

"நான் சொன்னா நீங்கள் பாடமாக்கிப்போடுவீங்கள். பொறுங்கோ, இருந்து பாப்பம்" என்றார்.

அடுத்த நாள் கந்தளாயிலிருந்து காலை பஸ்ஸில், நிற்கவும் இடமில்லாத நெரிசலில், வலக்கையால் கம்பியைப் பிடித்து இடக்கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த ஆசிரியை வந்தார். பெட்டிக்குள் சோறில்லை. அவர் வீட்டுத் தேசி எலுமிச்சை மரத்தின் கொப்பொன்று. இலைகளில் சவ்வரிசியிலும் சிறிதாக, மஞ்சளாக, ஐந்து முட்டைகள். மீன் வளர்க்கிற பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றை ஒரு தகப்பன் கொடுத்தார். நுளம்பு வலைத் துண்டொன்றை ஒரு தாய் கொடுத்தார். வகுப்பின் மூலையில், யன்னலோரத்தில், ஐந்து உயிர்களுக்கு ஒரு வீடு எழும்பியது.

பிறகு நடந்ததை நான் என் மகள் நிலுஷாவின் வாயால் கேட்டேன். அவளும் அந்த வகுப்புத்தான். ஒவ்வொரு நாளும் கேட்டேன். கேட்க மாட்டேன் என்றாலும் விடமாட்டாள். முட்டை பொரித்தது. வந்த புழு காகத்தின் எச்சம் போல இருந்தது. பிள்ளைகள் மூக்கைச் சுளித்தார்கள். நாலைந்து நாளில் சுளித்த மூக்குகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. புழு பச்சையானது. பருத்தது. இலை தின்னும் சத்தம் கேட்கிறதா என்று இருபத்தாறு பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருந்தார்களாம். தாய்மார்களே, உங்கள் வீட்டில் இருபத்தாறு விநாடி மூச்சுவிடாமல் இருந்த பிள்ளை உண்டா? சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன்.

தேசி இலைக்கு முறை வைத்தார்கள். அதிகம் கொண்டுவந்தவள் ஷிஃபானா. ஆட்டோ ஓடும் இஹ்ஸானின் மகள். அவர்கள் வீட்டு வேலியோரம் தேசி மரம் நிற்கிறது. இளம் இலையாகத் தெரிந்து, ஈரத் துணியில் சுற்றி, வாடாமல் கொண்டுவருவாள். ஒரு கொப்பியும் வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "இன்று புழு தன் தோலைக் கழற்றியது. பிறகு அந்தத் தோலையே சாப்பிட்டது. மற்றப் புழுக்கள் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அவை இலை சாப்பிட்டன."

எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இது? எந்த அட்டவணை சொல்கிறது இதை? கண்டாள், எழுதினாள். இதற்குப் பெயர் கல்வி இல்லையென்றால் வேறெதற்குக் கல்வியென்று பெயர்?

ஆனால் நாங்கள் பெற்றோர். நாங்கள் பொறுப்போமா? எங்கள் வட்ஸ்அப் குழுவில் தீ பற்றியது. "புழு கடிச்சு வீங்கினா ஆர் பொறுப்பு?" "புழு பாக்கவே பள்ளிக்கூடம் அனுப்பினது?" "ஐஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு இப்பவே பேப்பர் செய்யவேணும், ரீச்சர் பூச்சி வளர்க்கிறா." எழுதியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பயப்பட வேண்டாம். அந்தப் புழுவுக்கு மயிருமில்லை, கடிக்கவும் தெரியாது. அதைக்கூட நாங்கள் விசாரிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை விசாரித்தறிந்ததை நாற்பது வயதுக்காரர் நாங்கள் அறிய விரும்பவில்லை. என்ன வெட்கம் இது.

புழுக்கள் தின்பதை நிறுத்தின. ஒவ்வொன்றும் கொப்பில் ஏறி, நூல் போலொன்றை இடுப்பில் கட்டிச் சாய்ந்துகொண்டது. ஐந்தும் கூட்டுப்புழுவாயின. இரண்டு பச்சை, மூன்று மண்ணிறம். இன்னும் பத்து நாளில் பூச்சி வருமென்று ரீச்சர் சொன்னார். பிள்ளைகள் கரும்பலகையின் ஓரத்தில் பத்துக் கோடு கீறி, நாளுக்கொன்றாக அழித்தார்கள். ஏழு கோடு அழிந்தது. மூன்று மிஞ்சியது.

அந்த நேரத்தில்தான் பாடசாலைக்குப் புள்ளி போடும் மதிப்பீட்டுக் குழு வருகிறதென்று அறிவித்தல் வந்தது. திங்கட்கிழமை வருகிறார்கள். சனிக்கிழமை சிரமதானம். பெற்றோர் திரண்டோம். புல் வெட்டினோம், சுவர் பூசினோம், கதிரை கழுவினோம். வாசலில் நீல எழுத்தில் "உண்மை பேசு" என்று புதிதாக எழுதினோம். அதிபர் அவர்கள் ஒவ்வொரு வகுப்பாக வந்து, "வகுப்புக்குள்ள குப்பை, புழு, பூச்சி ஒண்டும் இருக்கக்கூடாது" என்றார். அவருக்கும் மேலிருந்து நெருக்கம். அதை நான் மறுக்கவில்லை.

தரம் இரண்டைத் துப்புரவாக்கப் போனவன் கண்ணாடித் தொட்டியைக் கண்டான். உள்ளே இலையுதிர்ந்த கொப்பு. கொப்பில் ஐந்து முடிச்சுகள். அவை என்னவென்று அவனுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். மூன்று நாளில் வெளியே வருமென்பதும் தெரியும். அவன் மகள் முதல்நாள் இரவுச் சாப்பாட்டிலும் அதைத்தான் சொல்லியிருந்தாள். கூடவந்த ஒருவர் கேட்டார்: "உந்தத் தொட்டியை என்ன செய்யிறது?" அவன் சொன்னான்: "காய்ஞ்ச தடிதானே." வலையைக் கிழித்தான். கொப்பை இழுத்தான். பின்வளவில் புல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் போட்டான். தொட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பிளாஸ்ரிக் பூ வைத்தான். சுவரில் பளபளவென்று ஒரு பதாகையைத் தொங்கவிட்டான். பதாகையில் நான்கு படங்கள், நான்கு அம்புக்குறிகள்: வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை வட்டம்.

உயிரை எரித்துவிட்டு உயிரின் படத்தைத் தொங்கவிட்டவன் யார்?

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், "ஆர் அது?" என்று. அம்மா, அவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறான். அந்தக் கை இந்தக் கை.

முத்தலிப் நானா, ஒலிபெருக்கியைக் குறைக்க வேண்டாம். யார் சைகை காட்டினாலும் குறைக்க வேண்டாம். இன்னும் முடியவில்லை. எரித்தது என் குற்றங்களில் சின்னது.

திங்கட்கிழமை வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். நேரே யன்னலோரம் ஓடினார்கள். பிளாஸ்ரிக் பூவைப் பார்த்து நின்றார்கள். ஷிஃபானா பின்வளவுக்கு ஓடி, சாம்பலுக்குள் அந்தக் கொப்பின் கருகிய நுனியைக் கண்டுவிட்டாள். நதீஷா ரீச்சர் என்னைத் தேடி வந்து கேட்டார்: "அண்ணா, தொட்டிக்குள்ள இருந்தது எங்க?" நான் சொன்னேன்: "மதிப்பீடு முடியட்டும், ரீச்சர்." அவர் என் முகத்தைப் பார்த்தார். பின்வளவுப் பக்கம் போனார். திரும்பி வந்தார். பிள்ளைகளை இருக்கச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினார்.

பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழுவின் அம்மையார் ஒருவர் வகுப்புக்குள் வந்தார். பதாகையைப் பார்த்தார், புன்னகைத்தார், முன்வரிசையில் இருந்த பிள்ளையைக் கேட்டார்: "வண்ணத்துப்பூச்சி எங்க இருந்து வரும், சொல்லுங்கோ பாப்பம்?"

முன்வரிசையில் இருந்தவள் ஷிஃபானா.

"வராது" என்றாள். "எரிச்சுப்போட்டினம்."

நாங்கள் வாசலில் நின்றோம். அதிபர், நான், இன்னும் இரண்டு பேர். அம்மையார் குனிந்து, "என்னத்தை எரிச்சது?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை அழவில்லை. கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். முட்டையிலிருந்து தொடங்கி, தோல் கழற்றிய நாள், நூல் கட்டிய நாள், கரும்பலகைக் கோடு வரை சொல்லிக்கொண்டு போனாள். "இண்டைக்கு அல்லது நாளைக்கு வந்திருக்கும், மிஸ். பின்னுக்குச் சாம்பல் கிடக்கு" என்று முடித்தாள். அம்மையார் அந்தக் கொப்பியை வெகுநேரம் புரட்டினார். பிறகு தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். எங்களுக்குப் புள்ளி குறைந்தது.

புள்ளி குறைந்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது. யார் மேல் வர வேண்டிய கோபம் யார் மேல் வந்தது என்று கேளுங்கள், பெரியோர்களே. எரித்தவன் மேல் வந்ததா? எரிக்க விட்டவர்கள் மேல் வந்ததா? உண்மையைச் சொன்ன பிள்ளை மேல் வந்தது. உண்மையைக் காணக் கற்றுக்கொடுத்த ஆசிரியை மேல் வந்தது.

ஷிஃபானாவை அலுவலகத்துக்கு அழைத்தோம். தகப்பனையும் அழைத்தோம். அதிபர் மேசைக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். "பாடசாலையின்ர பேரைக் கெடுத்ததுக்கு மன்னிப்புக் கேளுங்கோ" என்றோம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "நான் பொய் சொல்லேல்லை" என்றாள். மறுபடி கேட்டோம். மறுபடியும் அதையே சொன்னாள். அப்போது இஹ்ஸான் கதைத்தார். அவர் உரத்துக் கதைக்கிற மனிதரில்லை.

"சேர், எண்ட புள்ள பொய் சொல்லியிருந்தா நானே கையக் கட்டி மன்னிப்புக் கேப்பன். அவ சொன்னது பொய்யா? அத மட்டும் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அதிபரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழேயிருந்த நேரசூசியைப் பார்த்தேன். திங்கள் முதலாம் பாடம் தமிழ், இரண்டாம் பாடம் கணிதம் என்று வாசித்துக்கொண்டிருந்தேன். பேசிப் பேசிப் பெயரெடுத்த இந்த வாய்க்கு அன்று கிடைத்த வேலை அதுதான்.

அவர்கள் போன பிறகு நாங்கள் ஒரு தாளில் எழுதினோம்: தொட்டியில் காய்ந்த தடி மட்டுமே இருந்தது; உயிருள்ள எதுவும் இருக்கவில்லை; ஆசிரியையின் தூண்டுதலினாலேயே மாணவி அவ்வாறு கூறினார். நேரில் கண்ட சாட்சியாக ஒருவர் கையொப்பமிட வேண்டும். நான் இட்டேன். சுத்தமாக, நிதானமாக, பேணாட் என்று முழுப்பெயரும் விளங்கும்படி இட்டேன்.

அந்தத் தாளின் பலத்தில் என்ன நடந்தது தெரியுமா? நதீஷா ரீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து நூலக அறையில் இருத்தினோம். இடமாற்றத்துக்கு எழுதி அனுப்பினோம். வருகிற புதன்கிழமை கல்விப் பணிமனையில் விசாரணை. தரம் இரண்டும் தரம் மூன்றும் ஒரே அறைக்குள் நெருக்கியடித்து ஆறு கிழமை ஆகிறது. "காட்டிக்கொடுத்தவள்" என்று வளர்ந்தவர்கள் சொன்னது பிள்ளைகளின் காதுக்கும் போய்விட்டது. இன்று வரவேற்புப் பாடல் கேட்டோம். கைதட்டினோம். எத்தனை பிள்ளைகள் பாடினார்கள் என்று எண்ணினீர்களா? நான் எண்ணினேன். இருபத்தைந்து. இருபத்தாறாவது பிள்ளை பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

இது நியாயமா? உண்மை பேசு என்று வாசலில் எழுதினோமே, பேசிய பிள்ளையைப் பாயில் இருத்தினோமே, இது நியாயமா? கேள்வி கேள் என்று மேடையில் முழங்குகிறோம். கேள்விக்கு விடை தேடிப் பஸ்ஸில் கொப்போடு வந்த பெண்ணை நூலகத்தில் பூட்டினோம், இது நியாயமா? படித்த பிள்ளை வேண்டுமென்கிறோம், பார்த்த பிள்ளை வேண்டாமென்கிறோம். புள்ளி வேண்டுமென்கிறோம், புத்தி வேண்டாமென்கிறோம். பதாகையில் பூச்சி பறந்தால் போதும், வகுப்பில் ஒன்றும் பறக்கக்கூடாதா?

பின்னாலிருந்து "நேரம்" என்கிறீர்கள். ஓம், நேரம்தான். ஆறு கிழமை பிந்திவிட்ட நேரம். இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் நிலுஷா கேட்டாள்: "அப்பா, நீங்களும் சிரமதானத்துக்குப் போனீங்கள்தானே. ஆர் எரிச்சது?" "தெரியாது" என்றேன். நம்பினாள். அதுதான் என்னைத் தின்றது. நம்பாமல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நேற்றுக் காலை சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து சொன்னேன்: "மகள், நான்தான் எரிச்சனான். தெரிஞ்சுகொண்டுதான் எரிச்சனான்." அவள் நாடாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கத்துவாளென்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஏனப்பா எனக்குச் சொல்றீங்கள்? ஷிஃபானாவிட்ட எல்லோ சொல்லோணும்."

அவ்வளவுதான். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் அலுவலகத்துக்குள் கூடியிருந்து கண்டுபிடிக்க முடியாத நியாயத்தை ஒரு சப்பாத்து நாடா கட்டும் நேரத்தில் சொல்லிவிட்டாள்.

ஆகவே, பிரதம விருந்தினர் அவர்களே, இது என் கைப்பட எழுதிய கடிதம். நான் சாட்சியாக இட்ட கையொப்பம் பொய்யென்றும், தொட்டியில் உயிருள்ள ஐந்து கூட்டுப்புழுக்கள் இருந்தனவென்றும், அவற்றை அறிந்தே எரித்தவன் நானென்றும், ஆசிரியை எவரையும் தூண்டவில்லையென்றும் இதில் இருக்கிறது. செயலாளர் பதவியையும் இதிலேயே விட்டிருக்கிறேன். இத்தனை பேர் பார்க்கத் தருகிறேன்; நாளைக்கு நானே நினைத்தாலும் திருப்பி வாங்க ஏலாது.

வாங்கிக்கொண்டார். நன்றி ஐயா. வாசிக்கிறார். "புதன்கிழமை நேரிலயும் வந்து சொல்லுவீங்களோ?" என்று கேட்கிறார். வருவேன், ஐயா. எட்டு மணிக்கே வந்து வாசலில் நிற்பேன்.

அதிபர் அவர்களே, நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. பரவாயில்லை. அன்று நானும் இஹ்ஸானைப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பாரமென்று எனக்குத் தெரியும்.

இப்போது, மகள் ஷிஃபானா. நீங்கள் எழும்பத் தேவையில்லை. இருந்தபடியே கேளுங்கோ. நீங்கள் சொன்னது உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. உங்களை மன்னிப்புக் கேட்கச் சொன்ன நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்கத்தான் வேண்டுமென்று இல்லை. யாரும் அந்தப் பிள்ளையை "சொல்லு, சொல்லு" என்று தூண்டாதீர்கள். அவளுக்குச் சொல்ல விருப்பமானதைச் சொல்லட்டும்.

ஏதோ சொல்கிறாள். கைதட்டாதீர்கள், கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கோ, மகள்.

பின்னால் இருப்பவர்களுக்கு விளங்கியிராது, நான் சொல்கிறேன். "ரீச்சர் எப்ப வகுப்புக்கு வருவா?" என்று கேட்கிறாள்.

நதீஷா ரீச்சர் பந்தல் வாசலில் நிற்கிறார். நீங்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கலாம், அவர் ஒளிந்து நிற்க வேண்டியவரில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு அவராலும் விடை சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இங்கே எனக்குப் பின்னால் கதிரையில் இருப்பவர்களால்தான் முடியும். எனவே தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, ஒலிவாங்கியை உங்களிடம் தருகிறேன். நான் இறங்கிப் போய் அந்தப் பாயில் இருக்கிறேன். நாங்கள் இருபத்தேழு பேரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கோபத்தோடு கேட்ட பெற்றோர்க்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.